சொன்னா ஆச்சு

ஊர் முழுக்க அவரை ஆச்சு அண்ணன் என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் வேட்புமனுவில் இருந்தது. அதைப் படித்த தேர்தல் அதிகாரியே கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, நம்ம ஆச்சு அண்ணனா?" என்றாராம். யார் எதைச் சொன்னாலும் அண்ணன் வாயிலிருந்து வருகிற பதில் ஒன்றுதான். "அண்ணே, கிளட்ச் இழுக்குது." "ஆச்சு." "அண்ணே, சாயங்காலம் வண்டி வேணும்." "ஆச்சு." "அண்ணே, எங்க மாமியார் தவறிட்டாங்க." "ஆச்சு." அந்த மருமகன் ஏனோ அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

பட்டாளத்தில் ஒட்டிக்கொண்ட சொல் அது. அண்ணன் அங்கே வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருப்பவன், செய்தி காதில் விழுந்ததும் "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். குண்டு விழுகிற இடத்தில் அவ்வளவு நீட்டி முழக்க யாருக்குப் பொறுமை? அது தேய்ந்து "ஆச்சு" ஆனது. அவர்கள் பிரிவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நீ சொன்னது என் காதில் விழுந்தது. செய்துவிட்டேன் என்ற அர்த்தம் கிடையாது, செய்வேன் என்ற அர்த்தமும் கிடையாது. வேலை முடிந்தால் சொல்வதற்கு "முடிஞ்சுது" என்று தனிச் சொல் இருந்தது. உயிர் போகிற விஷயம் என்றால் ஆச்சும் செல்லாது. கேட்டவன் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் பட்டாளத்தை விட்டு வந்தார், சொல் அவரை விடவில்லை. வெளியே இருக்கிற உலகத்தில் ஆச்சு என்றால் ஆச்சு, முடிந்தது. இது முதலில் தெரிந்தது அவர் மனைவிக்குத்தான். பால் வாங்கியாச்சா என்று கேட்டு, ஆச்சு என்ற பதிலை நம்பி, காலிப் பாத்திரத்தோடு அடுப்புக்கு முன்னால் நின்றவள் அவள். "உங்க ஆச்சுவை ஊத்தி டீ போட முடியுமா?" என்று அன்றைக்கு ஆரம்பித்தவள், அதன் பிறகு ஏமாறவே இல்லை. அண்ணன் பிரேக் வேலைக் கடை வைத்ததும் உதிரிப் பாகங்கள் கவுண்டரில் அவள் உட்கார்ந்தாள். வாடிக்கையாளரிடம் அவர் ஆச்சு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்: "எந்த ஆச்சுங்க? காதுல விழுந்த ஆச்சா, வேலை முடிஞ்ச ஆச்சா?" அவர் திருத்திச் சொல்வார், வாடிக்கையாளர் சிரிப்பார். கடைக்கு நல்ல பெயர் கிடைத்ததில் பாதி அவள் கேட்ட அந்தக் கேள்வியால் கிடைத்தது. மேடையில் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

மேடை என்றால் நாடாளுமன்றத் தேர்தல் மேடை. பட்டாளத்துக்காரர் என்றால் மரியாதை, கடைக்காரர் என்றால் நம்ம ஆள். இரண்டும் ஒரே சட்டைக்குள் கிடைத்தால் எந்தக் கட்சிதான் விடும்? அண்ணனை நிறுத்தினார்கள். பிரசாரத்தை நடத்த ஒரு வக்கீலையும் கூடவே அனுப்பினார்கள். வக்கீல் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அண்ணன் பேசுவதைக் கவனித்தார், தொடையைத் தட்டினார். மறுநாளே சுவரெல்லாம் ஒரு வாசகம்: 'சொன்னா ஆச்சு!'

"வக்கீலே, அதுக்கு அர்த்தம் அது இல்ல," என்று அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எங்க பட்டாளத்துல..."

"ஜனங்களுக்கு என்ன அர்த்தமோ அதான் அர்த்தம், அண்ணே."

அண்ணன் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அது பிடித்துப்போயிருந்தது. தன் முகத்துக்குக் கீழே அவ்வளவு பெரிய எழுத்தில் ஒரு பொய் சுவர் சுவராக நிற்கிறது என்று தெரிந்தும், காரில் போகும்போது எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பிரசாரக் கூட்டம் நடந்த அன்று காலையில் ரொட்டி வேன் டிரைவர் கடைக்கு வந்தான். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன். ஒல்லியான ஆள், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். கடை திறந்த நாளிலிருந்து அந்த வேனை அண்ணனைத் தவிர வேறு யாரிடமும் காட்டியதில்லை.

"அண்ணே, பிரேக் மிதிச்சா பள்ளத்துல கால் வெச்ச மாதிரி உள்ள போகுது. பின்சக்கரத்துல எண்ணெய் வேற கசியுது."

"ஆச்சு."

"எந்த ஆச்சுங்க?" என்றது கவுண்டரிலிருந்து மனைவியின் குரல்.

"காதுல விழுந்த ஆச்சு," என்று அண்ணன் சிரித்தார். டிரைவரும் சிரித்துவிட்டு வண்டியை விட்டுப் போனான். மாற்றுச் சாவி அவனிடமே இருந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே பிரேக் எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற ரப்பர் வெடித்துப் போயிருந்தது. மனைவி புது ரப்பர் பாக்கெட்டை எடுத்து வேலை மேசை மேல் வைத்தாள். வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள். வேட்பாளருடைய குடும்பம் மேடையில் தெரிய வேண்டும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பிரசார ஜீப் வந்து நின்றது. அதற்கு ஒலிபெருக்கி மாட்ட வேண்டும். கூரைக்குக் கீழே இடம் ஒரு வண்டிக்குத்தான். கடையில் அண்ணனே போட்ட விதி ஒன்று உண்டு: வேலை முடியாத வண்டி சக்கரத்தில் நிற்கக் கூடாது, கட்டை மேல்தான் நிற்க வேண்டும். அப்போதுதான் யாரும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அந்த விதியை அன்றைக்கு மீறியவரும் அண்ணன்தான்.

"பழைய ரப்பரையே வெச்சு மூடுங்கப்பா. கொஞ்சம் எண்ணெய் ஊத்தி, சக்கரத்தை மாட்டி, வேனை வெளிய தள்ளுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

வேலையாட்கள் அப்படியே செய்தார்கள். பிறகு எல்லோரும் ஜீப்பில் ஏறிக் கூட்டத்துக்குப் போனார்கள்.

மேடைப் படியில் ஒரு கால் வைத்திருந்தபோது போன் அடித்தது. ஒரு பக்கம் வக்கீல் முழங்கையைப் பிடித்து இழுக்கிறார், இன்னொரு பக்கம் கூட்டம் கத்துகிறது. காதை அழுத்திக்கொண்டு அண்ணன் கேட்டார்.

"அண்ணே, சாயங்கால ரொட்டி எடுக்கணும். பிரேக் வேலை..."

"ஆச்சு, ஆச்சு," என்று சொல்லி அண்ணன் வைத்துவிட்டார். எந்த ஆச்சு என்று கேட்க வேண்டியவள் பட்டுப்புடவையில் மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் கடைக்குப் போனான். கடை பூட்டியிருந்தது. வெளியே வேன் நான்கு சக்கரத்திலும் ஜம்மென்று நின்றது. அண்ணன் கடை விதி அவனுக்கும் தெரியும். சாவியைப் போட்டு எடுத்தான். பெடல் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்ததாம். புது ரப்பர், போகப் போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டானாம். ரொட்டித் தட்டுகளை நிறைய அடுக்கிக்கொண்டு பாலத்துக்கு இறங்குகிற சரிவில் வந்தான். கீழே பஸ் நிறுத்தத்தில் ஜனங்கள் நின்றிருந்தார்கள். மிதித்தான். பெடல் தரை வரை போய் அங்கேயே கிடந்தது. ஸ்டியரிங்கை ஒடித்து எதிரே இருந்த கிடங்குச் சுவரில் மோதினான். பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. சாலை முழுக்க ரொட்டி. அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பேசி முடித்து மேடையை விட்டு இறங்கும்போதுதான் அண்ணனுக்குச் செய்தி வந்தது. கைதட்டல் ஓய்ந்திருக்கவில்லை. அவர் கையை உயர்த்திக் கும்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டார்.

மறுநாள் காலையில் கடைக்குள் நுழைந்தபோது மனைவி அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதைப் பிரிக்கவே இல்லைங்க."

"ம்."

"அந்தத் தம்பி உங்களுக்குப் போன் பண்ணினானா?"

"பண்ணினான்."

"என்ன சொன்னீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, "நான் இங்க இருந்திருந்தா கேட்டிருப்பேனே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் வக்கீல் வந்தார். முகத்தில் விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, கண்டம் தப்பிச்சுது! பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டேன்னு அவனே சொல்லிட்டான். போலீஸ்காரர் நேரா கேட்டிருக்காரு, பிரேக் சரியா இருந்துச்சான்னு. அதுக்கு அவன், 'அண்ணன் ஆச்சுன்னு சொன்னாரு. அவர் சொன்னா ஆச்சுதான். அப்போ நான்தான் மாத்தி மிதிச்சிருக்கேன்'னு சொல்லியிருக்கான். வண்டி நொறுங்கினதுல எண்ணெய் எல்லாம் கொட்டிப் போச்சு. இனிமே யாராலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

"அந்தத் தம்பி மேல கேஸ் வராதா?" என்று மனைவி கேட்டாள்.

"வரும். லைசென்ஸ் போகும். கால் போன ஆளுக்கு லைசென்ஸ் எதுக்கும்மா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணன் அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார், டீ குடிப்பதற்கு. வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, முடியட்டும், பிறகு அந்தக் குடும்பத்துக்கு எல்லாம் செய்யலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குற்றம் செய்த மனசு எவ்வளவு தாராளமாக வாக்குறுதி கொடுக்கிறது! எந்தக் கட்சியும் பக்கத்தில் வர முடியாது.

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பார்த்தால் தட்டைத் தள்ளிவிடுவார். எந்த ஜீப்புக்காக வேனை வெளியே தள்ளினாரோ அதே ஜீப்பில் நின்றுகொண்டு தெருத் தெருவாகப் போனார், தலைக்கு மேலே ஒலிபெருக்கி "சொன்னா ஆச்சு" என்று கூவியது. ஒரு முனையில் ஒரு பெண் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்றாள். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அவர் சொல்லாத குறையைக் கூட்டம் தீர்த்துவைத்தது. "ஆச்சு!" என்று எல்லோருமாகக் கத்தினார்கள். முதுகில் யாரோ அடித்தது போல அவர் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மனைவி பிரசாரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கவுண்டரில் உட்கார்ந்தாள். பாக்கெட்டைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள், எடுக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அண்ணன் பிழைத்துப் போயிருப்பார்.

ஒரு நாள் வக்கீல் அவரைப் பிடித்த பிடியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார், பழங்களோடும் ஒரு புகைப்படக்காரரோடும். டிரைவர் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தான். போர்வை ஒரு பக்கம் பாதியில் தட்டையாகிப் போயிருந்தது. அண்ணனால் அந்த இடத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. தேர்தல் நேரத்துல உங்க கடைக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுக்கப் பாத்தேனே. நல்லவேளை, போலீஸ்கிட்ட தெளிவா சொல்லிட்டேன்."

"அதெல்லாம் விடுப்பா," என்றார் வக்கீல். "ஜெயிச்சதும் அண்ணன் முதல் வேலையா உனக்கு நல்லதா ஒரு கால் வெச்சுக் கொடுப்பாரு. கொஞ்சம் இந்தப் பக்கம் பாரு." புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டார்.

டிரைவருடைய மனைவி நடைவழி வரைக்கும் கூடவே வந்தாள். யாரும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, அவர் தூங்குறதே இல்ல. கண்ணை மூடினா மிதிக்கிறாரு. இருக்கிற கால் பேசாம கிடக்கு, இல்லாத கால்தான் மிதிக்குது, தொடை ஆடுறதைப் பாத்தா தெரியுது. 'இது பிரேக், இது ஆக்ஸிலேட்டர்'னு புலம்புறாரு. இத்தனை வருஷம் ஓட்டிட்டு, எது பிரேக்குன்னு என் காலுக்கே தெரியாம போச்சேன்னு அழறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. 'தப்பு யாருக்கும் வரும், போனா போகுது'ன்னு நீங்க மன்னிச்சுட்டா அவருக்கு மனசு ஆறிடும்."

"ஆச்சும்மா," என்றது அண்ணன் வாய், அவரைக் கேட்காமலேயே.

காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு தன் வாயிலேயே ஓங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. காலை எடுத்தாகிவிட்டது. இப்போது அந்தக் காலை மன்னிக்கவும் தன்னிடமே வந்து நிற்கிறார்கள். இவ்வளவு கேவலமான இடத்தில் அவர் வாழ்நாளில் நின்றதில்லை, போர்முனையிலும் நின்றதில்லை.

மறுநாள் காலை வக்கீல் கடைக்கு வந்து, மேசையில் கையூன்றிக் குனிந்து சொன்னார்: "இன்னைக்குத்தான் போலீஸ் வந்து அவன்கிட்ட எழுதி வாங்குறாங்க. நீங்க ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. கேட்டுச்சா அண்ணே?"

"ஆச்சு," என்றார் அண்ணன்.

வக்கீல் நிம்மதியாகக் கிளம்பிப் போனார். கவுண்டரிலிருந்து மனைவி தலையை நிமிர்த்தினாள். இத்தனை நாள் கழித்து அந்தக் குரல் வந்தது.

"எந்த ஆச்சுங்க?"

"காதுல விழுந்த ஆச்சு."

அவள் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பாக்கெட்டை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "நடந்தே போங்க. ஜீப் வேண்டாம்," என்றாள்.

வார்டில் டிரைவருடைய மனைவி அவனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். சொன்னபடி மன்னிக்க வந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். அண்ணன் உட்காரவில்லை.

"தம்பி, உன் வண்டிக்கு நான் பிரேக் வேலை செய்யவே இல்ல."

டிரைவர் சிரித்தான். "சும்மா இருங்க அண்ணே. என் மேல கேஸ் வரக் கூடாதுன்னு நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?" மனைவியைப் பார்த்து, "பாத்தியா, இந்த மாதிரி ஆளுக்குத்தான் ஓட்டுப் போடணும்," என்றான்.

பட்டாளத்தில் வயர்லெஸ் பிடித்த அத்தனை காலத்திலும் அண்ணனுடைய செய்தி ஒன்றுகூட வழியில் கெட்டதில்லை. இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவன் காதில் அது ஏறவில்லை. அவர் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துப் போர்வை மேல் வைத்தார்.

"இது உன் வண்டிக்கு எடுத்த ரப்பர். இன்னும் பிரிக்கல, பாரு. என் ஜீப்புக்கு இடம் வேணும்னு பழைய ரப்பரை வெச்சு மூடி, சக்கரத்தை மாட்டி வெளிய தள்ளச் சொன்னேன். நீ போன் பண்ணப்போ நான் மேடைப் படியில நின்னேன். ஆச்சுன்னா, நீ சொன்னது காதுல விழுந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. நீ அப்படித்தான் எடுத்துக்குவேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன்." பாக்கெட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "இப்போ நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"எதுக்கு அண்ணே..."

"திருப்பிச் சொல்லுப்பா. நீ சொன்னாதான் எனக்கு உன் காதுல விழுந்துச்சுன்னு தெரியும்."

டிரைவர் பாக்கெட்டை எடுத்தான். ஒட்டியிருந்த ஓரத்தை விரலால் தடவினான். சிரிப்பு போய்விட்டது.

"ரப்பர் மாத்தல," என்றான் மெதுவாக. "பழசையே வெச்சு மூடினீங்க. சக்கரத்தை மாட்டி வெளிய நிறுத்தினீங்க. ஆச்சுன்னு சொன்னீங்க, ஆனா ஆகல." போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்போ... நான் பிரேக்கைத்தான் மிதிச்சேனா?"

"பிரேக்கைத்தான் மிதிச்ச. நீ சரியாத்தான் மிதிச்ச தம்பி."

டிரைவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். "கேட்டியா? என் கால் தப்புப் பண்ணலடி. பாவம், அதைப் போய் நான் என்னவெல்லாம் திட்டினேன்!" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். கிண்ணம் சாய்ந்து கஞ்சி போர்வையில் கொட்டியது, யாரும் துடைக்கவில்லை.

அழுகை அடங்க நேரம் பிடித்தது. பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். இதுவரை அவரை அவன் அப்படிப் பார்த்ததில்லை. கூப்பிடும்போது அண்ணே என்ற சொல் வரவில்லை.

"போலீஸ்காரர் இப்போ வருவாரு. அவர்கிட்டயும் இதையே சொல்லுவீங்களா?"

பழக்க தோஷத்தில் அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் பல்லைக் கடித்து அதை விழுங்கினார். "போலீஸ்காரர்கிட்டயும் இதையே சொல்லுவேன்," என்றார்.

அவருக்காகப் போட்ட நாற்காலியை டிரைவருடைய மனைவி இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, தானே அதில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, போலீஸ்காரர் வருகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.